கொடைமடமும் ஒப்புரவறிதலும்

கொடை என்னும் சொல்லைக் கேட்ட அளவில் தமிழர் நெஞ்சில் இரண்டு உருவங்கள் எழுகின்றன. படரக் கொம்பின்றித் தளர்ந்த முல்லைக் கொடிக்குத் தன் தேரை நிறுத்திவிட்டு நடந்து சென்ற பறம்புமலைத் தலைவன் பாரி ஒருவன். தோகை விரித்து நின்ற மயிலைக் கண்டு, அது குளிரால் நடுங்குகிறதென்று எண்ணித் தன் போர்வையைப் போர்த்திய பேகன் மற்றொருவன். முல்லைக்கு வேண்டியிருந்தது ஒரு சிறு கொழுகொம்பே. மயிலுக்கோ போர்வை வேண்டியதே இல்லை. இவ்வுண்மையை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். நன்கு அறிந்தே அச்செயலுக்குக் 'கொடைமடம்' என்று பெயர் சூட்டினர். மடம் என்பது அறியாமை. ஆயினும் கொடையில் தோன்றும் அறியாமை இகழ்ச்சிக்கு உரியதன்று, புகழ்ச்சிக்கே உரியது என்பது அவர்தம் துணிபு. கணக்குப் பார்த்துக் கொடுத்தவனைக் காட்டிலும், கணக்கை மறந்து கொடுத்தவனையே தமிழுலகம் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் போற்றி வந்திருக்கிறது.

இப்பெருமித உணர்வோடு வளர்ந்த நாம் ஒரு வினாவை நேர்நின்று நோக்க வேண்டியவர்களாயிருக்கிறோம். உலகின் ஏதோ ஒரு மூலையில் நிலம் நடுங்குகிறது. கடல் கரை கடக்கிறது. சூறாவளி ஊர்களை வாரிச் செல்கிறது. அடுத்த நாளே பல நாடுகளிலிருந்து மருத்துவர்களையும் மருந்துப் பெட்டிகளையும் சுமந்துகொண்டு விமானங்கள் விரைகின்றன. அங்கும் கொடைமடம் அழகுதானா? கருணை பெருகிய உள்ளத்தோடு எதை அனுப்பினாலும் அது அறமாகிவிடுமா? அன்றி, என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், எப்போது வேண்டும் என்று அறிந்து அனுப்புதலும் அறத்தின் உறுப்பே ஆகுமா?

திட்டமிடுதல் என்றவுடன் அதனை அதிகாரிகளின் வேலை என்று ஒதுக்கிவிடுவது எளிது. உதவி செய்பவர் வேறு, பட்டியல் எழுதுபவர் வேறு. முன்னவர் செய்வது அறம், பின்னவர் செய்வது அலுவல் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அவ்வெண்ணம் சரியன்று என்பதே நாம் ஈண்டுச் சொல்ல முற்படுவது.

மருந்து மலை

1988 டிசம்பர் 7ஆம் நாள், அன்றைய சோவியத் ஒன்றியத்தின் பகுதியாயிருந்த ஆர்மீனியாவில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. ஸ்பிடாக் என்னும் நகரம் தரைமட்டமாயிற்று. மாண்டவர் இருபத்தையாயிரம் பேருக்குக் குறையார். பனிப்போர் முற்றும் ஓயாத அக்காலத்திலும் மேலைநாடுகள் பகைமை பாராட்டாமல் உதவிக்கு விரைந்தன. மனிதகுலம் தலைநிமிர்ந்த நேரங்களுள் அதுவும் ஒன்று.

ஆனால் நடந்தது என்ன? வந்து இறங்கிய மருந்துகளும் மருத்துவப் பொருள்களும் ஏறத்தாழ 5,000 டன். வந்தவை இன்னின்னவை என்று தெளிவாகத் தெரிந்துகொள்வதற்கே 50 பேருக்கு ஆறு மாத காலம் பிடித்தது. நூற்றுக்கு எட்டுப் பங்கு மருந்துகள் வந்து சேரும்போதே காலாவதியாகியிருந்தன. நான்கு பங்கு உறைபனியில் கெட்டன. எஞ்சியவற்றுள் எளிதில் இனங்காணத் தக்கவை 30 விழுக்காடு; அவசர நிலைக்குப் பொருந்தியவை 42 விழுக்காடு. பெரும்பாலானவற்றின் மீது தயாரித்த நிறுவனம் சூட்டிய வணிகப் பெயர் மட்டுமே இருந்தது. மருந்தின் பொதுப்பெயர் இல்லை. இறந்தவரை அடக்கம் செய்து, இருப்பவருக்குக் கூரை தேடிக்கொண்டிருந்த ஒரு நாட்டில், மருந்தியல் அறிந்தவர்கள் நோயாளியின் பக்கத்தில் இராமல் ஆறு மாதம் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இது ஓர் ஊரோடு முடிந்த கதையன்று. 1992 முதல் 1996 வரை போரால் சிதைந்த பொஸ்னியா-ஹெர்சகோவினாவில் பயன்படுத்த இயலாத மருந்துகள் மட்டும் 17,000 டன் குவிந்தன என்று ஆய்வாளர் கணக்கிட்டனர். அவற்றைச் சுற்றுப்புறத்துக்குத் தீங்கின்றி அழிப்பதற்கு 3 கோடியே 40 இலட்சம் டாலர் ஆகும் என்றும் மதிப்பிட்டனர். தம் நாட்டில் அழிப்பதற்கு ஆகும் செலவை மிச்சப்படுத்தும் பொருட்டுப் பழைய சரக்கைக் கொடை என்ற பெயரில் தள்ளிவிட்டவர்களும் கொடுத்தவர்களுள் இருந்திருக்கலாம் என்ற ஐயமும் அப்போது எழுந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலைக்குப் பின், இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தில், இருபது இலட்சத்துக்கும் குறைவான மக்களுக்காக ஏறத்தாழ 4,000 டன் மருந்து வந்து சேர்ந்தது. அவற்றுள் பெரும்பாலானவற்றின் மேலுறை, அவ்வூர்ச் செவிலியர் படித்தறிய முடியாத மொழிகளில் இருந்தது.

பாரியின் கொடைக்கும் இந்தக் கொடைக்கும் உள்ள வேறுபாடு இங்குதான் புலனாகிறது. பாரி தேரைக் கொடுத்தான். தேரை இழந்தவனும் அவனே. வீடு திரும்ப அவன் நடந்தான். முல்லைக்கு அதனால் கேடு ஒன்றும் இல்லை. பேகன் போர்வையைக் கொடுத்துவிட்டுக் குளிரைத் தான் ஏற்றான். கொடைமடத்தின் இழப்பு முழுவதும் கொடுத்தவனையே சார்ந்தது. அதனாலேயே அது பாடல் பெற்றது. ஆர்மீனியாவிலும் பொஸ்னியாவிலும் கொடுத்தவரின் அறியாமைக்குப் பெற்றவர் விலை கொடுத்தனர். கிடங்கு அவர்களுடையது, ஆள்களின் உழைப்பு அவர்களுடையது, அழிக்கும் செலவு அவர்கள் தலையில் விழுந்தது. கொடுப்பவன் சுமக்கும்வரை கொடைமடம் அழகு. பெறுபவன் சுமக்க நேரும்போது அதில் கொடை கழிந்து மடம் மட்டுமே எஞ்சுகிறது.

அறிதல் என்னும் சொல்

வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முந்திய அதிகாரத்தை ஒப்புரவுக்கு வகுத்து, 'ஒப்புரவறிதல்' என்று அதற்குப் பெயரிட்டார். ஒப்புரவு செய்தல் என்றோ ஒப்புரவு என்று மட்டுமோ தலைப்பு அமையவில்லை; அறிதல் என்ற சொல் அதனுள் அமர்ந்திருக்கிறது. பகைமேற் செல்லும் அரசனுக்கு வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் தந்த நூல், உதவச் செல்பவனுக்கும் அறிதலை ஒரு கடமையாக விதித்தது என்று நாம் கொள்வது தவறாகாது. அழிக்கப் போகும் படைக்கு எவ்வளவு முன்னறிவு வேண்டுமோ, காக்கப் போகும் குழுவுக்கும் அவ்வளவு வேண்டும்.

அதே நூலின் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பணிபுரிவோர். வரிசையில் நோயாளி முதலில் நிற்பதை நாம் கவனித்தல் வேண்டும். பன்னாட்டு உதவி தவறிய இடங்களை ஆராய்ந்தால், நடுவிலுள்ள இரண்டையும், அதாவது மருத்துவரையும் மருந்தையும், பெருக்கி அனுப்பிவிட்டு முதலையும் கடையையும் மறந்ததே காரணமாயிருப்பதைக் காணலாம். ஆகவே இந்நான்கையும் ஒவ்வொன்றாக நோக்குவோம்.

நோயாளி

2003 டிசம்பர் 26ஆம் நாள் விடியற்காலையில் ஈரான் நாட்டின் பாம் என்னும் பழம்பெரும் நகரம் நிலநடுக்கத்தால் இடிந்தது. இருபத்தாறாயிரம் பேருக்கு மேல் இறந்தனர். நகரின் மருத்துவமனைகளும் வீழ்ந்தன. பல நாடுகள் கூடார மருத்துவமனைகளை அனுப்பின. அவை வந்து இறங்கி, கூடாரம் அடித்து, நோயாளியை ஏற்கத் தொடங்குவதற்குள் நாள்கள் கடந்துவிட்டன. அதற்குள் ஈரான் அரசே காயமுற்றோருட் பெரும்பாலோரை விமானங்களில் ஏற்றி, பிற மாநில மருத்துவமனைகளில் சேர்த்துவிட்டது.

இதிலிருந்து பெறப்படும் உண்மை கடுமையானது. நிலநடுக்கத்தில் இடிபாட்டினின்றும் உயிரோடு மீட்கப்படுவோருட் பெரும்பாலோர் முதல் ஓரிரு நாள்களில், அண்டை வீட்டாரின் கைகளால் மீட்கப்படுகின்றனர். உடைந்த எலும்புக்கும் நசுங்கிய தசைக்கும் உடனடிச் சிகிச்சை தரும் நேரம், கடல் கடந்து வருபவருக்காகக் காத்திருப்பதில்லை. அப்படியாயின் வெளிநாட்டு மருத்துவரால் பயனே இல்லையா? உண்டு. ஆனால் அவர் எதிர்பார்த்து வரும் நோயாளி வேறு, அங்கே அவருக்காகக் காத்திருக்கும் நோயாளி வேறு. பிரசவம் நிலநடுக்கத்துக்காகத் தள்ளிப்போவதில்லை. நீரிழிவுக்காரருக்கு இன்சுலின் நாள்தோறும் வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு இரத்தத்தைத் தூய்மை செய்யும் இயந்திரம் வேண்டும். கூடாரத்தில் வாழும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும். மருத்துவமனை இடிந்துபோன ஊரில் இவர்கள் அனைவரும் போக்கிடமற்றவர்கள். அறுவைக் கத்தியோடு மட்டும் வந்து இறங்குபவர், இவர்களைக் கண்டு என்ன செய்வதென்று அறியாது நிற்பார்.

அச்சமும் அறிவை மறைப்பதுண்டு. பிணங்கள் கிடந்தால் கொள்ளைநோய் பரவும் என்ற அச்சம் ஒவ்வொரு பேரிடரிலும் எழுகிறது. இயற்கைச் சீற்றத்தில் இறந்த உடல்கள் பொதுவாகக் கொள்ளைநோய்க்குக் காரணமாவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் பலமுறை எடுத்துரைத்துள்ளது. இறந்தவர் இன்னாரென்று குறித்து வைக்காமல் அவசர அவசரமாகப் புதைப்பதனால், உறவினர் துயரம் ஆயுள் முழுவதும் தீராததாகிறது. கொள்ளைநோய்க்கு வழி, கெட்ட குடிநீரும் கழிப்பிடமின்மையும் நெரிசலும். குளோரின் கலந்த ஒரு தொட்டி நீர் பல பெட்டி மருந்துகளுக்கு ஈடு.

மருத்துவர்

2010 ஜனவரி 12ஆம் நாள் ஹெய்ட்டி நாட்டின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரைத் தாக்கிய நிலநடுக்கம், மருத்துவ உதவி வரலாற்றில் ஒரு பெரும் பாடமாக அமைந்தது. அந்நகர விமான நிலையத்தில் ஓடுபாதை ஒன்றே. இறங்க வரிசையாய்க் காத்திருந்த விமானங்களோ பல. காற்றடைத்து நிறுவத்தக்க மருத்துவமனையைச் சுமந்து வந்த 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பின் சரக்கு விமானம் இறங்க இடமின்றி அண்டை நாடான டொமினிக்கன் குடியரசுக்குத் திருப்பப்பட்டது. மருத்துவமனை தரைவழியே தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. ஓடுபாதை ஒன்றே என்றால், வேண்டாத ஒரு விமானம் இறங்கும்போது வேண்டிய ஒரு விமானம் வானில் வட்டமிடுகிறது என்பது பொருள். தேவையற்ற உதவி பயனற்றது மட்டுமன்று. தேவையான உதவியின் வழியை அது மறிக்கிறது.

வந்த குழுக்களுட் சில தமக்கு வேண்டிய உணவும் நீரும் கூடாரமும்கூடக் கொண்டுவரவில்லை. உறுப்பு நீக்கும் அறுவைகள் பெருமளவில் நடந்தன. எவருக்கு, எங்கே, யார் செய்தார் என்ற குறிப்பு பலவிடத்தும் இல்லை. அறுவை செய்தவர் இரண்டு வாரத்தில் ஊர் திரும்பிவிட, காலிழந்தவருக்குக் காயம் ஆற்றவும் செயற்கைக்கால் பொருத்தவும் யார் பொறுப்பு என்பது தெரியாமற் போயிற்று. நிலநடுக்கத்துக்கு முன்னரே அந்நாட்டில் பணிபுரிந்துவந்த கியூபா மருத்துவர்களோ முதல் நாளிலேயே சிகிச்சை தொடங்கினர். அவர்களுக்கு ஊர் தெரியும். ஊருக்கும் அவர்களைத் தெரியும்.

இதனினும் கொடிய ஒன்று அவ்வாண்டு அக்டோபரில் நேர்ந்தது. நெடுங்காலமாகக் காலரா காணாத அந்நாட்டில் காலரா தோன்றியது. ஐக்கிய நாடுகளின் அமைதிப்படையினர் தங்கியிருந்த ஒரு முகாமின் கழிவுநீர் ஆற்றில் கலந்ததே அதற்கு மூலம் என்பது பின்னர் ஆய்வுகளால் தெளிவாயிற்று. எட்டு இலட்சம் பேருக்கு மேல் நோயுற்றனர். ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டனர். 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி-மூன் ஹெய்ட்டி மக்களிடம் மன்னிப்புக் கோரினார். காக்கச் சென்றவர் நோயைக் கொண்டுசென்றனர். எவருடைய உள்ளத்திலும் தீமை இல்லை. கழிவுநீர்க் குழாயைச் சரிபார்க்கும் கடமை மட்டுமே நிறைவேறவில்லை. நல்லெண்ணம் ஒன்றே அறத்துக்குப் போதும் என்பார்க்கு இதனினும் வலிய மறுப்பு வேண்டா.

இப்பாடத்தின் விளைவாக, வெளிநாட்டு மருத்துவக் குழுக்களை வகைப்படுத்தும் விதிகளை உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்டது. முதல் வகைக் குழு நிலையாக ஓரிடத்தில் இயங்கினால் நாளொன்றுக்கு 100 புறநோயாளிகளையேனும் பார்க்க வேண்டும். இரண்டாம் வகைக்கு 20 படுக்கைகளும் ஓர் அறுவை அரங்கும் வேண்டும். நாளொன்றுக்கு 7 பெரிய அறுவைகளோ 15 சிறிய அறுவைகளோ செய்யும் ஆற்றல் வேண்டும். மூன்றாம் வகைக்கு 40 படுக்கைகளும் இரண்டு அறுவை அரங்குகளும் வேண்டும். எல்லாக் குழுவும் தனக்கு வேண்டிய உணவு, நீர், மின்னாக்கி, மருந்து அனைத்தையும் தானே கொண்டுவர வேண்டும். அந்நாட்டுச் சுகாதார அமைச்சகத்தில் பதிந்து, அது காட்டும் இடத்தில் பணிபுரிய வேண்டும். நோயாளிக் குறிப்பு எழுதி வைக்க வேண்டும். 2015 ஏப்ரல் 25ஆம் நாள் நேப்பாளம் நிலநடுக்கத்தால் பெருந்துயருற்றபோது, வந்த குழுக்களை அந்நாட்டரசே பதிந்து பங்கிட்டு அனுப்ப முடிந்தது இம்முறையால்தான்.

நம் நாட்டுக்கும் இத்துறையில் பெருமை கொள்ளத்தக்க மரபு உண்டு. 1950இல் கொரியப் போரின்போது இந்தியா படை அனுப்பவில்லை. 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ், அப்பெயரின் முதலெழுத்து ஆற்காட்டைக் குறிப்பது. அவ்வாண்டு டிசம்பரில் பியோங்யாங் நகரை விட்டுப் பின்வாங்க நேர்ந்தபோது ஊர்தி கிடைக்கவில்லை. மருந்தும் கருவியும் இன்றி மருத்துவர் மட்டும் போய்ச் சேர்வதனால் என்ன பயன் என்று கருதி, அவர்கள் ஒரு பழைய இரயில் இயந்திரத்தைத் தேடிப் பிடித்து, சாமான்களை ஏற்றித் தாமே ஓட்டிக்கொண்டு, பாலம் தகர்க்கப்படுமுன் கடந்து வந்தனர். அதே பிரிவின் வழிவந்த 60 பாரா கள மருத்துவமனை, 2023 பிப்ரவரி 6ஆம் நாள் துருக்கியில் நேர்ந்த நிலநடுக்கத்தை அடுத்து இஸ்கந்தருன் நகருக்குச் சென்றது. 99 பேர் கொண்ட அக்குழு 30 படுக்கைகளுடன் மருத்துவமனை நிறுவி, ஏறத்தாழ 3,600 நோயாளிகளைக் கவனித்துத் திரும்பியது. எழுபது ஆண்டு இடைவெளியில் இரு குழுக்களும் காட்டிய நெறி ஒன்றே: தன் சுமையைத் தானே சுமந்து செல்க, பிறர்க்குச் சுமையாகாதே.

மருந்து

மருந்துக் கொடைக்கென உலக சுகாதார நிறுவனமும் பிற அமைப்புகளும் சேர்ந்து 1996இல் நெறிகளை வகுத்தன. பின்னர் திருத்தி விரிவாக்கின. அவற்றின் சாரம் நம் வீட்டுப் பெண்டிர்க்கும் விளங்கக்கூடியது. கேட்டதையே கொடு. அந்நாட்டு மருத்துவர் பயன்படுத்தும் மருந்தையே கொடு. போய்ச் சேர்ந்தபின் ஓராண்டேனும் கெடாதிருக்கும் மருந்தைக் கொடு. அவர்கள் படிக்கும் மொழியில் மருந்தின் பொதுப்பெயர் எழுதிக் கொடு. உன் நாட்டில் நீ உண்ணத் தகாததென்று கழித்ததை அவர்க்குக் கொடாதே.

இந்நெறிகளோடு முன்னேற்பாடும் சேர்ந்தால் பயன் பெருகும். அவசரகால மருந்துத் தொகுதி என்று ஒன்று 1990 முதல் உலகெங்கும் வழக்கில் உள்ளது. பத்தாயிரம் மக்களுக்கு ஏறத்தாழ மூன்று மாத காலத்துக்கு வேண்டிய அடிப்படை மருந்துகளும் கருவிகளும் அதில் அடங்கும். அதன் எடை சுமார் ஒரு டன்னே. 5,000 டன் குவிந்து கிடந்த ஆர்மீனியாவை நினைந்து இவ்வொரு டன்னை நோக்கினால், அறிவு எவ்வளவு சுமையைக் குறைக்கிறது என்பது தெளிவாகும்.

எழுத்தர் பணியில் ஆண்டுகள் பலவற்றைக் கழித்தவர்கள் நம் சங்கத்தில் பலர். இருப்புப் பதிவேடு, தேவைப் பட்டியல், வந்த தேதி, போன தேதி, கையொப்பம் என்று வாழ்நாளைக் கழிப்பவர்களைப் பற்றி உலகம் உயர்வாகப் பேசுவதில்லை. நாமும் அதனை வயிற்றுப்பாட்டுக்கான தொழில் என்று தாழ்வாகவே எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் ஆர்மீனியாவில் இல்லாமற் போனது மருந்தன்று, பதிவேடு. ஹெய்ட்டியில் காலிழந்தவர்க்கு இல்லாமற் போனது மருத்துவரன்று. மருத்துவர் எழுதிவைத்திருக்க வேண்டிய ஒரு துண்டுக் குறிப்பு. உரிய நேரத்தில் ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு வரி ஓர் உயிரைக் காக்கும் என்றால், அவ்வரியை எழுதுவதும் ஈகையின் பாற்பட்டதே.

உடனிருப்போர்

நான்காம் கூறே பெரிதும் மறக்கப்படுவது. அதன் ஆற்றலைக் காட்டிய நிகழ்ச்சி நம் நாட்டு மண்ணிலேயே நடந்தது. 1971இல் கிழக்கு வங்கத்திலிருந்து இலட்சோப இலட்சம் அகதிகள் எல்லை கடந்து மேற்கு வங்கத்துக்கு வந்தனர். போங்கான் என்னும் எல்லையூர் முகாம்களில் காலரா பரவியது. அங்கிருந்த மருத்துவமனையில் காலராவுக்கென இருந்த படுக்கைகள் 16. நோயாளிகள் தரையெங்கும் கிடந்தனர். நரம்பு வழியே ஏற்றும் சலைன் விரைவில் தீரும் நிலை. நோயுற்றோருள் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்தனர்.

அங்குச் சென்ற மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் ஒரு முடிவுக்கு வந்தார். உப்பு, குளுகோஸ், சமையல் சோடா ஆகிய மூன்றையும் அளவறிந்து நீரில் கலந்து வாய்வழி கொடுத்தால் காலராவால் இழந்த நீரை ஈடுசெய்யலாம் என்பது 1960களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் மருத்துவமனைகளில் மெய்ப்பிக்கப்பட்டிருந்தது. ஆயினும் தேர்ந்த மருத்துவர் மேற்பார்வையின்றி முகாமில் அதனைக் கையாளலாம் என்று பலர் நம்பவில்லை. லிட்டருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா என அளந்து பொட்டலங்கள் கட்டி, குழாய் பொருத்திய பீப்பாய்களில் நீர் நிரப்பிக் கரைத்து வைத்தனர். கொடுத்தவர் யார்? நோயாளியின் தாயும், தந்தையும், உடன்பிறந்தோரும். குவளை குவளையாக அவர்களே ஊட்டினர். இச்சிகிச்சை பெற்றவரிடையே இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது.

ஈண்டு நான்கு கூறுகளும் ஒருங்கே அமைந்ததை நாம் காண்கிறோம். நோயாளிக்கு வேண்டியது இன்னதென்று தெரிந்திருந்தது. மருத்துவர் இருப்பதைக் கொண்டு செய்வதை அறிந்திருந்தார். மருந்து எளியது, மலிவானது, எவரும் கையாளத்தக்கது. எல்லாவற்றுக்கும் மேலாக, உடனிருந்த உறவினரைச் சிகிச்சையின் பங்காளிகளாக்கினார். அகதி என்றால் கையேந்துபவர் என்றுதான் உலகம் கருதுகிறது. அங்கே கை ஏந்தியவரே கை கொடுத்தனர். திலீப் மகாலனாபிஸ் 2022இல் மறைந்தார். அடுத்த ஆண்டு பத்மவிபூஷண் அவருக்கு அளிக்கப்பட்டது. உலகெங்கும் அக்கரைசலால் பிழைத்த குழந்தைகளுக்கு அவர் பெயர் தெரியாது. அதனால் குறையொன்றும் இல்லை.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இவ்வளவு கூறியபின்னும் ஒருவர் எழுந்து வினவலாம்: "தேவை அறிந்து, பட்டியல் வரவழைத்து, பதிவு பெற்றுத்தான் உதவ வேண்டுமென்றால், அதற்குள் உயிர் போய்விடாதா? கணக்குக் கேட்கத் தொடங்கிய உள்ளம் நாளடைவில் கொடுக்கவே மறந்துவிடாதா?" இவ்வினாவை நாம் எளிதில் தள்ளிவிடுதல் ஆகாது. ஆராய்ச்சி என்ற பெயரால் கடமையைத் தட்டிக்கழித்தவரும் உலகில் உண்டு. கோப்பு மேசை மாறிக்கொண்டிருக்கையில் மனிதர் துன்புற்றதை அலுவலகங்களில் வாழும் நாம் அறியாததன்று. கொடைமடத்தை நம் முன்னோர் புகழ்ந்ததும் இத்தகைய உலோபத்தை அஞ்சியே எனலாம்.

விடை, அறிதல் எப்போது நிகழவேண்டும் என்பதில் உள்ளது. பேரிடர் நேர்ந்தபின் அறியத் தொடங்கினால் காலம் தாழ்க்கும். நேருமுன்னரே அறிந்து வைத்தால் விரைவுக்கும் அறிவுக்கும் பகை இல்லை. ஒப்புரவறிதல் அதிகாரம் ஒப்புரவாளனின் செல்வத்துக்கு மூன்று உவமைகள் கூறுகிறது: நீர் நிறைந்த ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம். இம்மூன்றுக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. தாகம் எடுத்தபின் ஊருணி வெட்டுவாரில்லை. பசி வந்தபின் மரம் நடுவாரில்லை. பாரியின் தேர் கண்ட கணத்தில் பிறந்த கொடை. ஊருணி, எவர் வருவார் என்று தெரியாதபோதே அவர்க்காக வெட்டி வைத்த கொடை. முன்னதில் நெஞ்சின் உருக்கம் தெரிகிறது. பின்னதில் அவ்வுருக்கம் உழைப்பாக உறைந்து நிற்கிறது. பின்னதைக் கல்நெஞ்சம் என்று கூற எவர்க்கும் வாய் வராது.

நம்மால் இயல்வது

பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வந்து, பல மொழியினரிடையே வாழும் நமக்கு இதில் பங்கு என்ன என்று கேட்கலாம். உண்டு. எங்கேனும் இடர் என்ற செய்தி வந்தவுடன் நம் குடியிருப்புகளில் துணிமூட்டைகளும் மருந்துப் பட்டைகளும் சேர்வது வழக்கம். 2004இல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் கடல் கொண்டபோது, நாடெங்குமிருந்து வந்த பழந்துணிகள் சாலையோரங்களில் எடுப்பாரின்றிக் கிடந்து மழையில் நனைந்தன. மீனவப் பெண்டிர்க்கு வேண்டியிருந்தது வேறு. அன்பின் குறைவால் நேர்ந்ததன்று அது. கேளாமல் அனுப்பியதால் நேர்ந்தது.

வீட்டில் மீந்த மாத்திரைகளைச் சேர்த்து அனுப்புதல் வேண்டா. உரியவரிடம் பணமாகச் சேர்ப்பதே மேல். 1948இல் தொடங்கப்பெற்ற பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு அலுவலகங்களில் ஒருநாள் ஊதியம் தரும் வழக்கத்தைச் சிலர் உயிரற்ற கொடை என்பர். பணத்துக்கு முகம் இல்லை. பெற்றவர் நன்றி கூறும் காட்சியும் நமக்குக் கிட்டாது. அதனாலேயே அது உயர்ந்தது. பெறுபவர் தமக்கு வேண்டியதைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமையை அது அவரிடமே விட்டுவைக்கிறது.

நம் குடும்பங்களில் செவிலியர் உளர், மருத்துவர் உளர், மருந்தாளுநர் உளர், மின்பணி அறிந்தோரும் பன்மொழி பேசுவோரும் உளர். பன்மொழி அறிவு வாழ்க்கை நம்மீது சுமத்திய கல்வி. இடர்க்களத்தில் நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவே நிற்பவர்க்கு அதனினும் சிறந்த கருவி இல்லை. இவர்கள் பெயரும் திறனும் அடங்கிய பட்டியல் ஒன்றைச் சங்கம் அமைதிக் காலத்திலேயே எழுதி வைத்து, ஆண்டுதோறும் திருத்தி, செஞ்சிலுவைச் சங்கம் போன்ற பயிற்சி தரும் அமைப்புகளிடம் அவர்களை அனுப்பலாம். மேடையில் பொன்னாடை பெறத்தக்க செயலன்று இது. ஒரு நோட்டுப் புத்தகமும் சில மாலைப் பொழுதுகளும் போதும்.

பாரியை நாம் என்றும் போற்றுவோம். தன் தேரை இழக்கத் துணிந்த அந்நெஞ்சம் இல்லையேல் உதவி என்னும் சொல்லே உலகில் பிறந்திராது. ஆனால் அந்நெஞ்சத்தோடு, முல்லைக்கு வேண்டியது எவ்வளவு உயரமுள்ள கொம்பு என்று கேட்டறியும் பொறுமையும் சேர வேண்டும். அடுத்த இடர் எங்கே, எந்நாளில் என்பதை எவரும் அறியார். அது வருமுன் நம் பங்குக்கு ஓர் ஊருணியை, அது சிறிதேயாயினும், இன்றே வெட்டத் தொடங்குவோமாக.